விண்ணப்ப நாளே கணக்கின் தொடக்கமாகட்டும்
சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ் பேசும் மாற்றுத்திறனாளிக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆந்திரப் பிரதேச அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகை அரசு ஆவணங்களில் என்.டி.ஆர். பரோசா என்றும் மக்கள் பேச்சில் பென்ஷன் என்றும் வழங்குகிறது. அதில் இருவகைக் காத்திருப்புகள் உண்டு. ஒப்புதல் ஆணை வந்த பிறகு ஏதோ ஒரு மாதத்துப் பணம் கைக்கு வராமல் தவறிப்போவது ஒன்று. அந்த ஒப்புதல் ஆணைக்கே மாதக்கணக்கில் காத்துக்கிடப்பது இன்னொன்று. முதல் வகைக்கு எழுதப்பட்ட விதி இருப்பதால் தவறிய தொகை ஓர் எல்லைக்குள் நிலுவையாக வந்து சேர்கிறது. இரண்டாவதற்கு அத்தகைய விதி இல்லாததால், ஒப்புதலுக்கு முன் கழிந்த மாதங்கள் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போய்விடுகின்றன. இந்த வேறுபாட்டை அறியாமல் நிலுவை வரும் என்று நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்கள் பின்னர் துன்பப்படுகின்றன. நிலுவை வராது என்று தவறாக எண்ணி, வரவேண்டிய பணத்தையே கேட்காமல் விட்ட குடும்பங்களும் இழப்பையே சந்திக்கின்றன. எது சட்டப்படி கேட்கத்தக்கது, எது இன்னும் போராடிப் பெறவேண்டியது என்பதைத் தெளிவாக்குவதே இம்மடலின் நோக்கம்.

முதலில் தொகையைப் பற்றிச் சொல்லவேண்டும். 2019 முதல் 3,000 ரூபாயாக இருந்த மாற்றுத்திறனாளி பென்ஷன், 2024 ஜூன் 13 அன்று முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்றின் வழியாக 6,000 ரூபாயாக உயர்ந்து, ஜூலை 1 முதல் வழங்கப்பட்டது. பக்கவாதத்தால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர்கள், கடுமையான தசைச்சிதைவு நோயுள்ளவர்கள் முதலியோருக்கு 5,000 ரூபாயாக இருந்த தொகை 15,000 ரூபாயாயிற்று. இதில் ஒன்றிய அரசின் பங்கு மிகச் சிறியது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தின்கீழ், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களில் 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே அது மாதம் 300 ரூபாய் தருகிறது. அந்தத் தொகை 2012 முதல் மாறவேயில்லை. எல்லைக்கு அப்பால் வேலூரிலும் திருத்தணியிலும் வாழும் உறவினர்கள் தமிழ்நாட்டு அரசிடம் பெறுவது, 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் 24 ஆம் பிரிவு, பிறருக்கான சமூகப் பாதுகாப்புத் தொகையைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கவேண்டும் என்கிறது. முதியோருக்கு 1,200 ரூபாய் தரும் தமிழ்நாடு 1,500 ரூபாயோடு அந்தக் கீழெல்லையில் நிற்கிறது. முதியோருக்கு 4,000 ரூபாய் தரும் ஆந்திரம் அதைத் தாண்டி நிற்கிறது. ஆந்திர அரசின் தாராளம் பாராட்டுக்குரியது. எனினும் தொகை பெரிதாகும்போது தாமதத்தால் நேரும் இழப்பும் பெரிதாகிறது. 3,000 ரூபாய்க் காலத்தில் ஆறு மாதத் தாமதத்தின் இழப்பு 18,000 ரூபாய் என்றால், இப்போது அது 36,000 ரூபாய்.

தாமதம் தொடங்குமிடம் சதரம் சான்றிதழ். சதரம் என்பது ஆந்திரத்தில் உடற்குறைபாட்டை அளந்து பதிவதற்கான கணினி முறையின் பெயர். அந்த முறையில் அரசு மருத்துவக் குழு தரும் சதவீதம் 40 ஐத் தொட்டால்தான் பென்ஷனுக்கு வழி திறக்கும். கிராம, வார்டு அலுவலகமான சச்சிவாலயத்திலோ மீ சேவா மையத்திலோ பரிசோதனை முகாம் நாளுக்கு முன்பதிவு செய்யவேண்டும். திருப்பதியில் ரூயா மருத்துவமனை, சித்தூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் பரிசோதனை நடக்கும். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமான பின், சத்தியவேடு, புத்தூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கு உரிய மாவட்ட அலுவலகங்கள் திருப்பதிக்கு மாறின. நகரி, குப்பம் பகுதிகள் சித்தூரிலேயே நின்றன. பழைய காகிதங்களில் சித்தூர் என்றும் புதிய ஆதாரில் திருப்பதி என்றும் இருக்கும் குடும்பங்கள் முகவரிச் சான்றை முன்கூட்டியே சரிசெய்துகொள்வது நல்லது. ஏனெனில் பொதுவாக வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடம் விண்ணப்பிக்கவேண்டியிருக்கும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெற்ற சித்தூர்க் குடும்பங்கள் பல. அங்கே தரப்பட்ட சிகிச்சைச் சுருக்கமும் எக்ஸ்ரே, நரம்புச் சோதனை அறிக்கைகளும் மருத்துவக் குழுவின் முன் வலுவான சான்றுகளே. ஆனால் அவை சதரம் சான்றிதழுக்கு மாற்றாகா. உரிமைச் சட்டத்தின்படி முறையாக வழங்கப்பட்ட ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 58 ஆம் பிரிவு சொன்னாலும், மாநில அரசு தன் பென்ஷனைத் தன் பதிவேட்டோடு இணைத்துவைத்திருப்பதால், ஆந்திரத்தில் வசிப்பவர் ஆந்திரக் குழுவின் முன்னேயே நிற்கவேண்டியிருக்கிறது.

சதவீதம் கணக்கிடப்படும் முறையைப் பலரும் அறிவதில்லை. அறியாததால் முடிவு வந்ததும் அதிர்ச்சியடைகிறார்கள். கை, கால் குறைபாடுகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தால் அவை நேராகக் கூட்டப்படுவதில்லை. பெரிய குறைபாட்டின் சதவீதத்தை முதலில் வைத்து, அதை 90 இலிருந்து கழித்து, கிடைத்த மீதியைச் சிறிய குறைபாட்டின் சதவீதத்தால் பெருக்கி, 90 ஆல் வகுத்து, வந்த விடையை முதல் எண்ணோடு சேர்ப்பதே அரசின் வழிகாட்டு நெறி. ஒருவருக்குக் காலில் 25 சதவீதமும் கையில் 20 சதவீதமும் குறைபாடு என்று கொண்டால், நேராகக் கூட்டினால் 45 ஆகும். இந்த முறையில் 39.4 தான் வரும். நாற்பதுக்கு அரைப்புள்ளியளவே குறைவு. ஆனால் அந்த அரைப்புள்ளி மாதம் 6,000 ரூபாயை நிறுத்திவிடும். ஆகவே ஒவ்வொரு உறுப்பின் குறைபாட்டையும் தனித்தனியே பதியும்படி குழுவிடம் கேட்பதும், முடிவு எழுதப்பட்ட தாளின் நகலைப் பெற்றுக்கொள்வதும் சிறு செயல்களாகத் தோன்றினாலும், மேல்முறையீட்டில் அவையே அடித்தளம். 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முன்னர் ஊனக் கணக்கிலேயே சேராத தசைச்சிதைவு, தலசீமியா, அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் நிலை முதலியன அதில் அடங்கும்; எனவே கண்ணுக்குத் தெரியாத குறைபாடு என்பதனால் முகாமுக்கே செல்லாதிருப்பது தவறு.

சான்றிதழ் தருவதற்கு விதிகள் காலவரையறையும் வைத்துள்ளன. 2017 ஆம் ஆண்டு விதிகள் ஒரு மாதம் என்றன. 2024 இல் செய்யப்பட்ட திருத்தம் அதை மூன்று மாதமாக நீட்டியது. உரிமை தரும் விதி ஏழே ஆண்டுகளில் அலுவலகத்தின் வசதிக்கேற்ப வளைந்தது வருந்தத்தக்கது.

சான்றிதழுக்குப் பின் வருவது ஆறு படிச் சரிபார்ப்பு. குடும்பத்தின் மாத வருமானம் கிராமத்தில் 10,000 ரூபாய்க்கும் நகரத்தில் 12,000 ரூபாய்க்கும் உட்பட்டதா, நிலம் நன்செய் 3 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் குறைவா, நான்கு சக்கர வண்டி உண்டா, அரசு ஊழியரோ வருமான வரி கட்டுபவரோ குடும்பத்தில் இருக்கிறாரா, மின்நுகர்வு மாதம் 300 அலகைத் தாண்டுகிறதா என்றெல்லாம் கணினிப் பதிவேடுகளோடு ஒப்பிடப்படும். ஒரே மீட்டரில் மூன்று அண்ணன் தம்பிக் குடும்பங்கள் வாழும் வீட்டில் மூவரின் மின்சாரமும் மாற்றுத்திறனாளியின் தலையில் ஏறிவிடுவதும், வேறொருவரின் நிலமோ வண்டியோ தவறாக இவருடைய ஆதார் எண்ணோடு இணைந்திருப்பதும் நிராகரிப்புக்கு அடிக்கடி காரணமாகின்றன. இவை திருத்தக்கூடிய பிழைகள். மின்வாரியக் கடிதம், வருவாய்த் துறையின் நிலச் சான்று, போக்குவரத்து அலுவலகச் சான்று ஆகியவற்றில் உரியதைக் காட்டினால் பதிவு மாறும். ஆயினும் அந்தத் திருத்தத்துக்கு எடுத்த காலமும் இழந்த மாதங்களோடு சேர்ந்துகொள்கிறது.

நிலுவை பற்றிய விதிகளுக்கு வருவோம். பென்ஷன் ஒவ்வொரு மாதமும் முதல் நாள், அது விடுமுறையானால் பெரும்பாலும் அதற்கு முந்தைய நாள், சச்சிவாலய ஊழியரால் வீட்டு வாசலிலேயே தரப்படுகிறது. 2020 பிப்ரவரி முதல் கிராம, வார்டு வாலண்டியர்கள் செய்துவந்த இந்தப் பணி, 2024 மார்ச் இறுதியில் தேர்தல் ஆணையத்தின் உத்தரவால் நின்றது. ஏப்ரலில் முதியோர் பலர் கடும் வெயிலில் சச்சிவாலயங்களுக்குச் சென்று காத்திருக்க நேர்ந்தது. மே மாதத்தில் வங்கிக் கணக்கு இருந்தவர்களுக்கு அதில் போடப்பட்டது. வங்கிக்குப் போகமுடியாதவர் என்பதாலேயே வீட்டு வாசல் விநியோகம் வந்தது என்பதை மறந்ததால் நேர்ந்த துன்பம் அது. ஜூலை 1 அன்று வாசல் விநியோகம் மீண்டபோது, முதியோர் முதலிய பிரிவினருக்கு 4,000 ரூபாயோடு, ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான உயர்வு மாதம் 1,000 ரூபாய் வீதம் 3,000 ரூபாய் நிலுவையும் சேர்ந்து 7,000 ரூபாய் கிடைத்தது. ஆணை ஜூனில் பிறந்தாலும் கணக்கு ஏப்ரலில் தொடங்கியது. முன்தேதியிட்டுப் பணம் தருவது நிர்வாகத்தால் முடியாத செயலன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

தவறிய மாதங்களைப் பற்றிய விதி 2024 இன் இறுதியில் வந்தது. அதற்கு முன் ஒரு மாதம் பென்ஷனை வாங்கத் தவறினால் அந்த மாதத்துத் தொகை அப்படியே கைவிட்டுப்போனது. வேலூருக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ சிகிச்சைக்குச் சென்றவரும், கூலிவேலைக்காக வெளியூர் போன குடும்பத்தோடு தங்கியவரும் ஊரில் இல்லாத ஒரே காரணத்துக்காக அப்பணத்தை இழந்தனர். புதிய ஏற்பாட்டின்படி ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் இரண்டு மாதத் தொகையும், இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால் மூன்றாம் மாதம் மூன்று மாதத் தொகையும் சேர்த்துத் தரப்படும். 6,000 ரூபாய் பெறுபவருக்கு அது 18,000 ரூபாய். மூன்று மாதமும் தொடர்ந்து வாங்காவிட்டால் அவர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவராகக் கருதப்பட்டு பென்ஷன் நிறுத்தப்படும். ஆகவே நீண்ட சிகிச்சைக்குச் செல்லும் குடும்பம், கிளம்புமுன் சச்சிவாலயத்தின் நல உதவியாளரிடம் எழுத்தில் தெரிவித்து, மருத்துவமனை அனுமதிச் சீட்டின் நகலைக் கொடுத்து, மூன்றாம் மாதத்து முதல் நாளுக்குள் எப்படியேனும் ஊருக்கு வந்துசெல்ல ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். முதுகுத்தண்டு அடிபட்டு மாதக்கணக்கில் மறுவாழ்வுப் பிரிவில் கிடப்பவரைப் பணம் வாங்க ஊருக்கு வரச்சொல்வது கொடுமை. மருத்துவமனைச் சான்று இருந்தால் மூன்று மாத எல்லை தளரவேண்டும் என்பது நியாயமான அடுத்த கோரிக்கை.

கைரேகை பதியாமையும் பணம் தவறுவதற்கு ஒரு காரணம். தொழுநோயிலிருந்து குணமடைந்தவர், கையிழந்தவர், மூளை முடக்குவாதத்தால் விரல் விரியாதவர் ஆகியோருக்குக் கருவிழிப் பதிவும் முகப் பதிவும் மாற்று வழிகளாக உள்ளன. விரல் பதியவில்லை என்று மட்டும் சொல்லி ஊழியர் திரும்பினால், மாற்று வழியைக் கேட்பது பயனாளியின் உரிமை. பிள்ளைக்காகப் பணம் பெறும் பெற்றோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், புற உலகச் சிந்தனைக் குறைபாடு (ஆட்டிசம்) ஆகியவற்றில் ஏதேனும் உள்ள பிள்ளை 18 வயதை எட்டியதும் பெற்றோர் தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆணை பெறவேண்டும். வங்கிக் கணக்குச் சிக்கல் எழுந்த பிறகு அதைத் தேடி ஓடுவதைவிட முன்பே வாங்கிவைப்பது நல்லது.

இனி விதியே இல்லாத இடம். பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனிநபர் சுதந்திர உதவித்தொகை, முடிவு எத்தனை மாதம் கழித்து வந்தாலும், விண்ணப்பம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு மொத்தமாகத் தரப்படுகிறது. அமெரிக்காவில் தொழிலாளர் பங்களிப்பிலிருந்து வரும் ஊனக் காப்பீட்டில், ஐந்து மாதக் காத்திருப்புக் காலம் உண்டு என்றாலும், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் வரைகூட நிலுவை கிடைக்கக்கூடும். பங்களிப்பின் அடிப்படையில் அமைந்த அமெரிக்க முறையை வரி வருவாயில் நடக்கும் ஆந்திரத் திட்டத்தோடு நேராக ஒப்பிட முடியாது. பிரிட்டன் முறையோ வரிப்பணத்தில் நடப்பதுதான். அங்கே தாமதத்தின் செலவை அரசு ஏற்கிறது. இங்கே அதே செலவை மாற்றுத்திறனாளி ஏற்கிறார். முகாமில் இடம் கிடைக்காததற்கும், மருத்துவர் அன்று வராததற்கும், பதிவேட்டில் பிழை இருந்ததற்கும், புதிய பென்ஷன் ஒப்புதல்களையே அரசு தள்ளிவைத்ததற்கும் விண்ணப்பித்தவர் எவ்வகையிலும் பொறுப்பல்லர். அந்த மாதங்களில் அவருடைய குறைபாடு குறைந்திருக்கவில்லை. மருந்துச் செலவும் நின்றிருக்கவில்லை. தகுதி விண்ணப்ப நாளிலேயே இருந்தது என்று அரசின் மருத்துவக் குழுவே பின்னர் சான்றளிக்கும்போது, அந்த நாளிலிருந்து பணம் தர மறுப்பதற்கு நிதிநிலையைத் தவிர வேறு காரணம் சொல்ல இயலாது. ஊனமுற்ற நிலையில் அரசின் உதவி பெறும் உரிமைக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்று கூறும் அரசமைப்பின் 41 ஆம் பிரிவு, அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்றும் சேர்த்தே சொல்கிறது என்பது உண்மை. ஆனால் மூன்று மாத உயர்வை முன்தேதியிட்டுத் தர வலிமை இருந்த அரசுக்கு, ஒப்பீட்டில் மிகச் சிறு எண்ணிக்கையினரான புதிய மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரர்களுக்கு அதையே செய்யும் வலிமையும் இருக்கவேண்டும்.

மறு ஆய்வில் பென்ஷனை இழந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2025 ஜனவரியில் தொடங்கிய மறுபரிசோதனையில், 15,000 ரூபாய் பெறுவோரின் வீடுகளுக்கு மருத்துவக் குழுக்கள் முதலில் சென்றன. பின்னர் மற்றவர்கள் மருத்துவமனைகளுக்கு அழைக்கப்பட்டனர். ஆகஸ்டில் 40 சதவீதத்துக்குக் குறைவானவர்கள் என்று கண்டவர்களுக்கு மாநிலம் முழுவதும் நோட்டீஸ்கள் வந்தன. எதிர்ப்பு எழுந்தபின் மேல்முறையீட்டுக்கு வழி திறக்கப்பட்டது. பொய்ச் சான்றிதழ்களைக் களைவது அரசின் கடமைதான். ஒரு பொய்ச் சான்றிதழ் உண்மையான ஒரு மாற்றுத்திறனாளியின் பங்கைத் தின்கிறது. ஆனால் பல ஆண்டுகளாக ஒரே உடலோடு வாழ்பவரின் சதவீதம் ஒரு குழுவிடம் 60 ஆகவும் இன்னொரு குழுவிடம் 35 ஆகவும் மாறும்போது, பிழை எந்தக் குழுவினுடையது என்று நிறுவும் சுமையை அவர்மேல் ஏற்றக்கூடாது. உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழ் முடிவை எதிர்த்து, மாநில அரசு வகுத்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸில் அதைவிடக் குறுகிய காலம் குறிக்கப்பட்டிருந்தால் அந்தக் குறுகிய காலத்துக்குள்ளேயே செய்வது பாதுகாப்பு. எம்.பி.டி.ஓ. எனப்படும் மண்டல பரிஷத் வளர்ச்சி அதிகாரியிடமோ நகராட்சி ஆணையரிடமோ மேல்முறையீடு செய்து வென்றவர், இடையில் நிறுத்தப்பட்ட மாதங்களின் தொகையையும் அதே மனுவில், மாதங்களின் பெயரோடு, எழுத்தில் கேட்கவேண்டும். கேட்காத நிலுவையைத் தானாக முன்வந்து கொடுக்கும் அலுவலகம் அரிது.

இவ்வளவும் தெலுங்கில் நடக்கிறது என்பது தமிழ் பேசும் குடும்பங்களின் கூடுதல் சுமை. 1911 இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது முதல் சித்தூர் இருமொழி மாவட்டமாகவே இருந்துவருகிறது. 1960 இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கும் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கும் மாறிய பின்னும் எல்லையின் இருபுறமும் இரு மொழியினரும் தங்கிவிட்டனர். பேச்சில் தெலுங்கு தடையின்றி வந்தாலும், நோட்டீஸில் உள்ள அலுவல் தெலுங்கைப் படித்துப் புரிந்துகொள்வது தமிழில் பள்ளி சென்ற தாய்க்கு எளிதன்று. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகே அது மேல்முறையீட்டுக்கான நோட்டீஸ் என்று தெரிவது அத்தகைய வீட்டில்தான் நேர்கிறது. அரசமைப்பின் 350 ஆம் பிரிவு, குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் அளிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வழங்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே தமிழில் எழுதிய மனுவை வாங்க மறுப்பது அரசமைப்புக்கு மாறானது. வேலை விரைந்து நடக்கவேண்டும் என்பதற்காகத் தெலுங்கு மொழிபெயர்ப்பை இணைப்பது நல்லதே. அது அன்பின் பொருட்டுச் செய்வதே தவிர, கடமையன்று.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் பொதுமக்கள் குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். 1100 என்ற எண்ணில் அழைத்தும் பதியலாம். அந்த எண்ணும் தேதியும் உள்ள ரசீதை, முகாம் முன்பதிவுச் சீட்டு, பரிசோதனை முடிவுத் தாள், நிராகரிப்புக் குறிப்பு ஆகியவற்றோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளவேண்டும். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்படி கோப்பு எந்த நிலையில் உள்ளது என்று கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணமும் இல்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987 இன் 12 ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிக்கு இலவச வழக்கறிஞர் உதவியை உறுதி செய்கிறது. சித்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அதற்கு அணுகலாம்.

தனித்தனி மனுக்கள் தனித்தனிக் குறைகளைத் தீர்க்கலாம். விண்ணப்ப நாளிலிருந்து கணக்கிடும் விதியை அவை கொண்டுவரா. குப்பம் முதல் சத்தியவேடு வரை விண்ணப்பித்துக் காத்திருக்கும் குடும்பங்கள், விண்ணப்பத் தேதி பொறித்த ரசீதுகளின் நகல்களை ஊர்வாரியாகத் திரட்டி, ஒரே கோரிக்கையோடு இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் கூட்டு மனுவாகக் கொடுக்க முன்வரவேண்டும். வரும் திங்கட்கிழமைக் கூட்டத்திலிருந்தே அதைத் தொடங்கும்படி வேண்டுகோள்.